ஹெடருக்கு ஹீட் ராப் சுற்றுவதற்கு முதல்: வன்னி வெயிலும் மாரியும்

ஏ9 வழியாகப் பழைய பெற்றோல் கார் ஓட்டுகிற எல்லோருக்கும் முறிகண்டிச் சிக்கல் தெரிந்திருக்கும். வவுனியாவிலிருந்து நிற்காமல் வந்து, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் ஒரு சரை வாங்கிக்கொண்டு திரும்ப ஏறித் திறப்பைத் திருப்பினால் எஞ்சின் சுற்றும், ஆனால் பற்றாது. பற்றறி நல்லது, பிளக் நல்லது, டாங்கில் பெற்றோலும் இருக்கிறது. பொனெட்டைத் திறந்துவிட்டு அரை மணித்தியாலம் நிழலில் நின்றால் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகிவிடும். ஓடும்போது விசிறிக் காற்றும் எதிர்க்காற்றும் தண்ணீர்ப் பம்பும் சேர்ந்து சூட்டை இழுத்துக்கொண்டு போகும். நிறுத்தின உடனே மூன்றும் நின்றுவிடும், எக்ஸோஸ்ட் மட்டும் சுட்டபடி இருக்கும், அந்தச் சூடு மேலே ஏறி, பெற்றோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு விடுகிற காபரேற்றரின் கிண்ணத்தில் இருக்கிற பெற்றோலைக் கொதிக்க வைத்துவிடும். பெற்றோலின் இலேசான பகுதிகள் 40 பாகை செல்சியஸுக்குக் கிட்டவே ஆவியாகத் தொடங்கும். எங்கள் பக்கத்துக் கோடை வெயிலே 35, 36 பாகைக்கு நிற்கும் என்றால் பொனெட்டுக்குள் என்ன நிலைமை என்று யோசித்துப் பாருங்கள்.

இதற்கு மருந்து ஹீட் ராப், அதாவது எக்ஸோஸ்ட் குழாயில் சுற்றுகிற சூடு தாங்கும் நாடா, என்று கேள்விப்பட்டு, கொழும்பிலிருந்து ஒரு சுருளை எடுப்பித்து, கிடைத்த இடத்தில் எல்லாம் சுற்றிக்கொண்டு திரிகிற தம்பிமார் இப்போது கிளிநொச்சியிலும் புதுக்குடியிருப்பிலும் கூடிவிட்டார்கள். ராப் நல்ல சாமான்தான், என் காரிலும் இருக்கிறது. ஆனால் வன்னியில் அதற்கு இரண்டு எதிரிகள், ஒன்று எஞ்சினிலிருந்து கசியும் ஒயில், மற்றது மாரித் தண்ணீர். இந்த இரண்டையும் யோசிக்காமல் சுற்றினால் காசு கொடுத்துக் குழாயைக் கெடுத்த மாதிரி. அதனால்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது அப்பாவின் மொறிஸ் மைனர் 1000, 1962இலிருந்து வந்த 1098 சிசி எஞ்சின். 2020 பங்குனியில் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 மாசியில்தான் தனியார் கார்களுக்குத் திரும்பத் திறந்தார்கள், இடைப்பட்ட காலத்தில் பழைய கார் வைத்திருந்தவர்கள் எல்லோரும் இருந்ததையே தூசு தட்டிப் புதுப்பித்தோம். அப்போதுதான் எஞ்சின் வாய்களிலிருந்து புகையைச் சேர்த்து வெளியே விடுகிற, வெடித்துப்போன பழைய வார்ப்பு இரும்பு மனிபோல்ட்டைக் கழற்றிவிட்டு, அதே வேலையைத் தனித்தனிக் குழாய்களால் செய்கிற ஹெடர் போட்டோம். இந்த ஏ-சீரிஸ் எஞ்சினில் பெற்றோல் கலவை உள்ளே போகிற பக்கமும் புகை வெளியே வருகிற பக்கமும் ஒன்றுதான், நாலு சிலிண்டருக்கு எக்ஸோஸ்ட் வாய் மூன்று, நடுவில் இருக்கிற இரண்டு சிலிண்டரும் ஒரே வாயால் கக்கும். அந்தக் குழாய்களுக்கு நேர் மேலே எஸ்யூ என்ற வகைக் காபரேற்றர் உட்கார்ந்திருக்கும். இதைவிட மோசமான இடத்தில் பெற்றோலை வைக்க முடியாது.

ஆனால் அதே அமைப்பு ஒரு காலத்தில் எங்களைக் காப்பாற்றியும் இருக்கிறது. 2002இல் ஏ9 திறக்கும்வரை, பொருளாதாரத் தடைக்குள் வன்னியில் பெற்றோல் என்பது மருந்துக்கும் கிடைக்காத சாமான், வாகனங்கள் மண்ணெண்ணெயில்தான் ஓடின. கொஞ்சமாகப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடேறின பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது, அதற்கு மனிபோல்ட்டின் சூடு வேண்டும். அப்போது அந்தச் சூட்டைப் பிடித்து வைக்கப் பாடுபட்ட ஆட்கள், இப்போது அதையே காபரேற்றரிலிருந்து விரட்டப் பாடுபடுகிறோம்.

சரி, ராப் என்ன செய்கிறது? குழாயின் மேல்தோலிலிருந்து சூடு வெளியே பரவுவதைக் குறைக்கிறது, அவ்வளவுதான். சூடு குழாய்க்குள்ளேயே புகையோடு பின்னுக்குப் போகும். சூடான புகை அடர்த்தி குறைந்தது, வேகமாக ஓடும், அதனால் அடுத்த சிலிண்டரின் புகையை இழுத்துவிடுவதும் கொஞ்சம் நன்றாக நடக்கும் என்பது கணக்கு. பந்தயக் காருக்கு அது பெறுமதி. பரந்தன் சந்தியிலிருந்து முல்லைத்தீவுக்கு ஏ35இல் போகிற எங்களுக்கு அந்தச் சக்திக் கணக்கு ஒரு பொருட்டே இல்லை. எங்களுக்கு வேண்டியது பொனெட்டுக்குள் சூடு குறைவது: காபரேற்றர், பெற்றோல் குழாய், வயர்கள், கிட்ட இருந்தால் ஸ்டார்டர் மோட்டர். எஞ்சின் இழுக்கிற காற்று 10 பாகை குளிர்ந்தால் அதன் அடர்த்தி ஏறக்குறைய 3 வீதம் கூடும், அது உண்மை. ஆனால் அந்த 10 பாகையைப் பெற ராப்தான் வேண்டும் என்றில்லை, காற்று வடிகட்டியின் வாயிலிருந்து ஒரு குழாயை முன் கிறிலுக்குக் கொண்டுபோய் விட்டாலே அதில் பெரும்பகுதி கிடைத்துவிடும். பொனெட்டுக்குள் திறந்தபடி கூம்பு பில்டர் போட்டுவிட்டு ஹெடருக்கு ராப் சுற்றுகிறவர்கள் முதலில் அந்தக் குழாயைப் போடட்டும்.

வாங்குவதற்கு முதல் இன்னொரு விடயம். உங்கள் ஹெடர் அளவுக்கு மீறிச் சுடுகிறதா என்று பாருங்கள். 525 பாகைக்குக் கிட்ட எந்தத் திடப்பொருளும் இருட்டில் மங்கிய சிவப்பாக ஒளிரத் தொடங்கும். மலை ஏறி இழுத்த வண்டியில் அது நடக்கலாம், ஆனால் சும்மா ஐடிலில் நிற்கிற காரின் ஹெடர் இரவில் சிவந்து தெரிந்தால் அது ராப் சுற்ற வேண்டிய பிரச்சினை இல்லை. பற்றவைப்பு நேரம் பிந்தியிருக்கும், அல்லது பெற்றோல் கலவை மெலிந்திருக்கும். தீப்பொறியைப் பிளக்குகளுக்குப் பங்கிடுகிற பழைய டிஸ்றிபியூற்றரில், திறந்து மூடுகிற பொயின்றின் குதி தேயத் தேய இடைவெளி குறுகும், இடைவெளி குறுகினால் நேரம் பிந்தும், நேரம் பிந்தினால் எரிய வேண்டியது சிலிண்டருக்குள் எரிந்து முடியாமல் குழாயிலும் எரியும். இடைவெளி அளக்கிற ஒரு பீலர் கேஜால் தீர்கிற விடயம். அதை விட்டுவிட்டு மேலே துணியைப் போர்த்தினால் உள்ளே வால்வு கருகும்.

இப்போது சாமானைத் தெரிவது. கடையில் இரண்டு வகைதான் கூடுதலாகக் கிடைக்கும். வெள்ளை அல்லது மண்ணிறம் அல்லது கறுப்புச் சாயம் போட்ட கண்ணாடி இழை நாடா ஒன்று. பொன்னும் செம்பும் கலந்த மாதிரி மினுங்குகிற, டைட்டேனியம் என்று பெயர் போட்ட நாடா மற்றது. டைட்டேனியம் என்ற பெயரைப் பார்த்து உலோகம் என்று நம்ப வேண்டாம், அது எரிமலைப் பாறையை உருக்கி இழுத்த இழை, பசோல்ற் என்கிறார்கள். கண்ணாடி இழையைவிட விலை கூட. ஆனால் கூடுதலான சூடு தாங்கும், நன்றாக வளையும், கையைக் குத்துவதும் குறைவு.

பெட்டியில் இருக்கிற எண்ணைக் கவனமாக வாசியுங்கள். 1200 என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள், அது பரனைட். செல்சியஸில் அது வெறும் 650. 1800 என்று போட்டிருந்தால் 980. இந்த வித்தியாசம் தெரியாமல் 1200 பாகை தாங்கும் என்று சொல்லி விற்கிறவர்களை நேரில் கண்டிருக்கிறேன். அதோடு அந்த எண் நாடா உருகாமல் இருக்கிற எல்லையைப் பற்றியது, அந்தச் சூட்டில் வருடக்கணக்காகப் பலத்தோடு இருக்கும் என்றில்லை. கண்ணாடி இழை உருகுவதற்கு வெகு முன்பே பலம் குறைந்து மொறுமொறுப்பாகிவிடும், பிறகு கிரவல் றோட்டுக் குலுக்கலில் தூளாகக் கொட்டும். மொறிஸ், மாருதி மாதிரிச் சின்ன எஞ்சினில் டேர்போ இல்லாமல் சாதாரணமாக ஓடுகிறவர்களுக்குக் கண்ணாடி இழை காணும். டேர்போ பக்கம், சிலிண்டர் வாயோடு ஒட்டின முதல் அரை அடி, இந்த இடங்களுக்குப் பசோல்ற்தான் என் தெரிவு.

அகலம் கார் ஹெடருக்கு 2 அங்குலம், நெருக்கமான வளைவுகளுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் 1 அங்குலம். எவ்வளவு நீளம் வேண்டும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. குழாயின் வெளிவிட்டம் 42 மில்லிமீற்றர் என்றால் சுற்றளவு 132. 50 மில்லிமீற்றர் நாடாவில் நாலில் ஒரு பங்கு ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் ஒரு சுற்றுக்கு 38 மில்லிமீற்றர் முன்னேறுவீர்கள். 132ஐ 38ஆல் பிரித்தால் மூன்றரை, அதாவது ஒரு மீற்றர் குழாய்க்கு மூன்றரை மீற்றர் நாடா. மைனரின் மூன்று குழாய் ஹெடருக்கு 10 மீற்றர் சுருள் ஒன்று தாராளம். பாதிக்குப் பாதி ஏற்றிச் சுற்றினால் சூடு இன்னும் அடங்கும் என்று சிலர் செய்கிறார்கள், அது நாடாவையும் தின்னும், குழாயின் ஆயுளையும் தின்னும்.

குழாய் எதனால் செய்தது என்பதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். எங்கள் ஊர்க் கராஜ்களில் வளைத்து ஒட்டித் தருகிற ஹெடர்கள் பெரும்பாலும் சாதாரண இரும்புக் குழாய். ராப் போட்டதும் குழாயின் உலோகம் முன்னைவிடக் கூடுதலாகச் சுடும், சூடு கூடினால் மேல்தோல் செதில் செதிலாகக் கழரும். அதோடு நாடா தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தினமும் நீண்ட தூரம் ஓடுகிற வண்டி என்றால் ஒவ்வொரு நாளும் காய்ந்துவிடும். கலியாண வீட்டுக்கும் கோயிலுக்கும் மட்டும் எடுத்து, மற்ற நாட்களில் மாமரத்தடியில் நிற்கிற கார் என்றால் ஐப்பசி தொடங்கித் தை வரைக்கும் அந்த ஈரம் அங்கேயே நின்று இரும்பை அரிக்கும். வெளியே பார்க்க நாடா அழகாக இருக்கும், உள்ளே குழாய் இருக்காது. சில ஹெடர் கம்பனிகள் ராப் சுற்றினால் உத்தரவாதம் இல்லை என்று எழுதியே விடுவது இதனால்தான். 304 ஸ்டெயின்லெஸ் குழாய் என்றால் இந்தப் பயம் பெரும்பாலும் இல்லை, ஆனால் கொக்கிளாய், பூநகரி, ஆனையிறவு மாதிரி உப்புக் காற்றுள்ள இடங்களில் அதையும் அடிக்கடி பார்க்க வேண்டும். உப்பும் ஈரமும் சூடும் சேர்ந்தால் ஸ்டெயின்லெஸும் வெடிக்கும்.

2018 மார்கழி வெள்ளம் ஞாபகம் இருக்கும். அந்த மாதிரிப் பாலத்துக்கு மேலால் தண்ணீர் பாய்கிற நேரத்தில் இறக்கி ஏற்றின காரின் ராப், சேற்றுத் தண்ணீரைக் குடித்துவிட்டு இருக்கும். காய்ந்தாலும் சேறு உள்ளேயே நிற்கும். அப்படி நனைந்த நாடாவைக் கழற்றி எறிவதுதான் நல்லது.

வார்ப்பு இரும்பு மனிபோல்ட்டுக்குச் சுற்றவே வேண்டாம். டொல்பின் வான்காரர் கனபேர் கேட்கிறார்கள், எஞ்சின் சாரதி ஆசனத்துக்குக் கீழே இருப்பதால் தொடை வேகிறது, ராப் சுற்றலாமா என்று. அது டீசல், வார்ப்பு மனிபோல்ட், சூட்டை உள்ளே அடைத்தால் வெடிப்பு விழும் அபாயம் இருக்கிறது. கம்பனி போட்ட தகரக் கவசத்தை யாரோ கழற்றி எறிந்திருப்பார்கள், அதைத் தேடிப் பூட்டுங்கள், ஆசன மூடியின் கீழ்ப்பக்கம் அலுமினியத் தாள் ஒட்டின காப்புப் பாய் ஒன்றை ஒட்டுங்கள். உண்மையில் பெரும்பாலான கார்களுக்கும் இதுதான் முதல் மருந்து. காபரேற்றருக்கும் குழாய்க்கும் இடையில் ஒரு அலுமினியத் தகடு, காபரேற்றரின் அடியில் சூட்டை எளிதில் கடத்தாத ஒரு பேக்லைற் ஸ்பேசர், பெற்றோல் குழாய்க்கு ஒரு வெப்ப உறை. இவை மூன்றும் தண்ணீரைப் பிடித்து வைக்காது. இவற்றைப் போட்ட பிறகும் காணாது என்றால்தான் ராப். நானும் அந்த வரிசையில்தான் போனேன், கடைசியில் காபரேற்றருக்கு நேர் கீழே வருகிற பகுதிக்கு மட்டும் சுற்றினேன், கீழே இறங்கிச் சேறு தெறிக்கிற பகுதியை வெறுமையாகவே விட்டிருக்கிறேன்.

எனக்கு வேலை செய்து தருகிற பாஸ் அண்ணை நாடாவைக் கண்டதும் முதலில் கேட்டது, "தம்பி, உதைச் சுத்திறது இருக்கட்டும், உந்த ஒயில் கசிவை என்ன செய்யப் போறாய்?" ஏ-சீரிஸ் எஞ்சினில் மனிபோல்ட்டுக்குப் பின்னால் டப்பெற் மூடிகள் இரண்டு இருக்கும், அவற்றின் கோர்க் கஸ்கற்றுகள் வயது போனால் மெதுவாக வியர்க்கும். மேலே றொக்கர் மூடியும் அப்படித்தான். வெறுங்குழாயில் ஒரு சொட்டு ஒயில் விழுந்தால் புகைந்து மணத்துவிட்டுப் போய்விடும். நாடாவில் விழுந்தால் அது ஊறி ஊறித் தேங்கி, ஒருநாள் விளக்குத் திரி மாதிரிப் பற்றிக்கொள்ளும். அண்ணை இரண்டு மூடியையும் கழற்றி, கைவிரலால் விளிம்பைத் தடவித் தடவிப் பார்த்து, வளைந்திருந்த இடத்தைச் சின்னச் சுத்தியலால் தட்டி நேராக்கி, புதுக் கோர்க் வைத்துப் பூட்டின பிறகு காரைச் சில நாள் ஓடவிட்டு, ஒரு வெள்ளைத் துணியால் எஞ்சின் பக்கத்தைத் துடைத்துப் பார்த்தார். துணி வெள்ளையாக வந்த பிறகுதான் ஹெடரைத் தொடவிட்டார். ஒயில், பிறேக் ஒயில், பெற்றோல் எது கசிந்தாலும் ராப் கூடாது. எந்த எஞ்சினாக இருந்தாலும் இதில் எனக்குச் சமரசம் இல்லை.

ஹெடரை எஞ்சினில் வைத்துக்கொண்டு சுற்ற நினைக்காதீர்கள், கழற்றித்தான் சுற்ற வேண்டும். கம்பிப் பிரசால் துருவைத் தேய்த்து எடுத்து, வெல்டிங்கில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்து, இரும்புக் குழாய் என்றால் உயர்சூட்டுப் பெயின்ற் இரண்டு பூச்சு அடித்துக் காயவிடுங்கள். கண்ணாடி இழை நாடாவை வாளித் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து சுற்றினால் இழுவைக்கு வசதி, தூசும் பறக்காது, காயும்போது இறுகிப் பிடிக்கும். ஆனால் நனைத்துச் சுற்றினால் அன்றைக்கே பூட்டி எஞ்சினை ஓட்டிக் காயவைத்துவிட வேண்டும், ஈரத்தோடு மூலையில் போட்டுவைக்கக் கூடாது. பசோல்ற்றை உலரவே சுற்றலாம்.

சிலிண்டர் வாய்ப் பக்கத்துத் தகட்டில் தொடங்குங்கள். முதல் சுற்றை அதன் மேலேயே ஒருமுறை ஏற்றி ஸ்டெயின்லெஸ் டையால் (இறுக்கிக் கட்டுகிற பட்டியால்) இறுக்கிவிட்டு, பிறகு ஒரே இழுவையில், கை தளராமல் கீழே போக வேண்டும். ஒருவர் சுருளை இழுத்துப் பிடிக்க மற்றவர் குழாயைத் திருப்பினால் வேலை சுகம். வளைவின் வெளிப்பக்கத்தில் நாடா விலகி இடைவெளி வரப் பார்க்கும், உள்பக்கத்தில் குவியும், அதனால் வளைவில் வெளிப்பக்கத்தை வைத்து ஏற்றத்தைத் தீர்மானியுங்கள். குழாய்கள் சேருகிற இடத்தில் ஒவ்வொன்றையும் தனித்தனியாக முடித்து, சேர்ந்த பகுதிக்குப் புதிதாகத் தொடங்குங்கள். மோட்டார் சைக்கிள் என்றால் மறுபக்கம், சைலன்சர் பக்கத்தில் தொடங்கி எஞ்சினை நோக்கிப் போனால் முன்னால் வருகிற மழையும் காற்றும் மடிப்புக்குள் புகாது. ஒட்சிசன் சென்சர் உள்ள கார் என்றால் சென்சரையும் அது இருக்கிற குமிழையும் மூட வேண்டாம், புகையைச் சுத்தப்படுத்துகிற கற்றலிற்றிக் கன்வேட்டரையும் விட்டுவிடுங்கள்.

கட்டுவதற்குக் கட்டுக்கம்பி பாவிக்கிறவர்கள் இருக்கிறார்கள். நாகம் (துத்தநாகம்) பூசின கம்பி என்றால் அந்தப் பூச்சு 420 பாகையில் உருகிவிடும், கம்பி தளரும், புகையும் நல்லதில்லை. ஸ்டெயின்லெஸ் டை இல்லாவிட்டால் ஸ்டெயின்லெஸ் ஹோஸ் கிளிப் போடுங்கள்.

கைக்கு உறை, நீளக் கைச் சட்டை, மூக்குக்கு மாஸ்க், கண்ணுக்குக் கண்ணாடி. கண்ணாடி இழைத் தூசு தோலில் பட்டால் கடித்துத் தள்ளும், சொறிந்தால் இன்னும் உள்ளே போகும். குளிர்ந்த தண்ணீரை ஓடவிட்டுக் கழுவுங்கள், அந்த உடுப்பை வீட்டு உடுப்போடு சேர்த்துத் தோய்க்க வேண்டாம். இதைவிடப் பெரிய விடயம் ஒன்று: பழைய அரிசி ஆலை எஞ்சின், பழைய ஜெனரேற்றர் இவற்றின் எக்ஸோஸ்டில் சாம்பல் நிறத்தில் தடித்த கயிறோ துணியோ சுற்றியிருந்தால் அது கல்நாராக இருக்கலாம். அஸ்பெஸ்டஸ். அதைக் கழற்றி உங்கள் காருக்குச் சுற்றுவதை நினைத்தும் பார்க்காதீர்கள், உலரப் பிய்க்காதீர்கள், காற்றுப் பம்பால் ஊதாதீர்கள். அந்தத் தூசு நுரையீரலுக்குள் போனால் பல வருடம் கழித்துத்தான் நோயைக் காட்டும்.

பூட்டி முதல் தடவை ஸ்டார்ட் பண்ணும்போது புகை வரும், மணமும் வரும், அது நாடாவில் இருக்கிற பசையும் ஈரமும் எரிந்து போவது. திறந்த வெளியில் நிறுத்தி, தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓடவிடுங்கள். ஓரிரு ஓட்டத்தில் புகை அடங்க வேண்டும். அடங்காமல் நீலமாக வந்துகொண்டிருந்தால் எங்கேயோ ஒயில் படுகிறது, நிறுத்திவிட்டுத் தேடுங்கள். ஆறின பிறகு டைகளை ஒருமுறை இறுக்கி, மனிபோல்ட் நட்டுகளையும் திரும்ப இறுக்குங்கள். விரும்பினால் சிலிக்கன் ஸ்பிறே அடிக்கலாம், ஒயிலும் தண்ணீரும் ஊறுவதை அது ஓரளவு தடுக்கும், ஓரளவுதான்.

ஒவ்வொரு வருடமும் புரட்டாதியில், மழை தொடங்க முதல், அடிப்பக்கத்தில் ஒரு டையைக் கழற்றி இரண்டு மூன்று சுற்றை அவிழ்த்துப் பாருங்கள். ஸ்குறூ டிறைவர் நுனியால் குழாயைக் குத்திப் பார்த்தால் தெரியும், கணீர் என்றால் பிரச்சினை இல்லை, பொத்தென்று உள்வாங்கினால் முழுவதையும் கழற்ற வேண்டும். கழற்றும்போது தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டுக் கழற்றுங்கள், பழைய நாடா உலர்ந்தபடி அவிழ்த்தால் தூளாகப் பறக்கும். கழற்றினதைத் திரும்பச் சுற்றிப் பயன் இல்லை, பையில் போட்டு வாயைக் கட்டிவிடுங்கள், பிள்ளைகள் கோழிகள் திரிகிற முற்றத்தில் போட வேண்டாம்.